கோமதி அழைத்த சாட்சி நான்

நான் பொய் சொன்னேன். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி உண்மையைச் சொன்னபோது, ஊரறிய அவளைப் பொய்க்காரி ஆக்கினேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே!

நான் பொறியியல் படித்தவள். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குப் புத்தி ஓடும். ஆகவே நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. திண்டிவனத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் கணினி ஆய்வகப் பயிற்றுநர். அரசு நியமனம் அல்ல. பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்துக்கொண்ட ஆள். விழுப்புரத்திலிருந்து தினமும் போய் வருகிறேன்.

2. மாணவர்களிடம் அன்பும் மன்னிக்கும் குணமும் துணிச்சலும் வளர வேண்டும் என்று பள்ளியில் ஒரு திட்டம் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு ‘மன்னிப்பு நேரம்’ என்று பெயர் வைத்தோம். பொறுப்பு எனக்கு.

3. ஒன்பதாம் வகுப்புக் கோமதியின் பின்னலை, அதே வகுப்பில் படித்த தர்ஷினி, என் ஆய்வகத்தில் வைத்து வெட்டினாள்.

4. நான் பார்த்தேன்.

5. மன்னிப்பு நேரத்தில் கோமதி என்னைச் சாட்சிக்கு அழைத்தாள். நான் பார்க்கவில்லை என்றேன்.

6. வீண் பழி சுமத்தியதற்காகக் கோமதியையே தர்ஷினியிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேன்.

7. அப்போது முதலில் கை தட்டியவள் நான்.

வரிசையாகச் சொல்லும்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, பார்த்தீர்களா! இதில் யாருடைய முகமும் இல்லை. இனி முகங்களைச் சொல்கிறேன்.

மன்னிப்பு நேரத்தின் விதிகளை வகுத்தவள் நானே. தவறு செய்தவர் முன்னால் வந்து, செய்தது இன்னதென்று சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் ‘மன்னித்துவிட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருவரும் கை குலுக்க வேண்டும். மற்றவர்கள் கை தட்ட வேண்டும். இருவர் சொல்வதும் முரண்பட்டால், பார்த்தவர் எழுந்து பேச வேண்டும். அவர் சொல்வதே முடிவு. அப்படி எழுந்து பேசும் பிள்ளைக்குச் சட்டையில் ஒரு நட்சத்திர வில்லை குத்துவோம். அதற்குத் ‘துணிச்சல் நட்சத்திரம்’ என்று பெயர்.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. மன்னிக்க மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வழி வைக்கவில்லை. அது ஓட்டை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை... மன்னிக்காத பிள்ளை நல்ல பிள்ளையா என்ன?

கோமதி, செஞ்சி போகும் வழியில் வல்லம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பேருந்தில் வருவாள். அப்பா இல்லை. அம்மா மல்லாட்டைக் கொல்லைகளில், அதாவது நிலக்கடலை வயல்களில், களை வெட்டப் போகிறவர். அந்தக் கொல்லைகளில் பாதி தர்ஷினியின் குடும்பத்துக்குச் சொந்தம். தர்ஷினியின் அப்பாதான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். எனக்கு வேலை கொடுத்தவர் அவரே.

கோமதிக்கு முடி அதிகம். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியும் தோளுக்குக் கீழே தொங்கும். ஆண்டு விழா நடனத்துக்கு அவளை முன்வரிசையில் நிறுத்தினார்கள். தர்ஷினிக்குப் பின்வரிசை. காரணம் அவ்வளவே!

அன்று உணவு இடைவேளை. ஆய்வகத்தில் கோமதி, தர்ஷினி, தர்ஷினியின் தோழிகள் இருவர், நான் தவிர வேறு யாரும் இல்லை. “மிஸ், கத்திரி குடுங்க மிஸ், சார்ட்டு வெட்டணும்” என்று தர்ஷினி கேட்டாள். கேபிள் வேலைக்கு நான் வைத்திருந்த கத்தரிக்கோலைக் கொடுத்தேன். பிறகு கடைசி வரிசைக் கணினியின் பின்னால் குனிந்து இணைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, இரண்டு திரைகளுக்கு நடுவில் அவர்கள் தெரிந்தார்கள்.

தர்ஷினி இடது கையால் கோமதியின் பின்னலைப் பிடித்திருந்தாள். கோமதியின் இரு தோள்களையும் தர்ஷினியின் தோழிகள் அழுத்திக்கொண்டிருந்தார்கள். “உங்களுக்கெல்லாம் எதுக்குடி இம்மாம் நீளம்?” என்று தர்ஷினி கேட்டது என் காதில் விழுந்தது. அந்த ‘உங்களுக்கெல்லாம்’ யார் யாரைச் சேர்த்துச் சொன்னது என்பதும் எனக்குத் தெரியும். இந்த மாவட்டத்தில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது?

ரிப்பன் என்றால் ஒரே வெட்டில் போய்விடும். பின்னல் போகாது. கத்தரிக்கோல் திணறும். மறுபடி, மறுபடி அழுத்த வேண்டும். அவள் அழுத்தினாள். ‘ஏய்’ என்று ஒரு சத்தம் போட அந்த நேரம் தாராளம்.

நான் போடவில்லை.

ஏன்? வேலை போய்விடும் என்ற பயமா? அப்படிச் சொன்னால் நீங்கள் கொஞ்சம் இரங்குவீர்கள். ஆனால் அந்தக் கணத்தில் வேலை என் நினைவிலேயே இல்லை. ‘கத்தரிக்கோல் யாருடையது என்று கேட்பார்களே’... இதுதான் என் மனத்தில் முதலில் ஓடியது. ஒரு பெண்ணின் தலை பிறர் கையில் இருந்தபோது, நான் என் கத்தரிக்கோலைப் பற்றி யோசித்தேன்!

கோமதி அழவில்லை; கத்தவும் இல்லை. திரைகளுக்கு நடுவே நேராக என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். பிறகு குனிந்து கேபிளைச் செருகினேன்.

அந்த வெள்ளிக்கிழமை மன்னிப்பு நேரத்துக்குப் பள்ளி மண்டபத்தில் தலைமையாசிரியர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். திட்டத்தை நடத்தும் தொண்டு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்திருந்தார்கள். தர்ஷினி முன்னால் வந்து, நான் கற்றுக்கொடுத்த முறைப்படியே அழகாகச் சொன்னாள்.

“ரிப்பன தான் கட் பண்ணேன் மிஸ், வெளயாட்டுக்கு. தெரியாம முடி மாட்டிக்கிச்சு. சாரி கோமதி.”

இனி கோமதியின் முறை. ஒரு பக்கப் பின்னல் காதுக்குக் கீழே முடிந்துபோயிருந்தது. “குருவி வாலு” என்று பின்வரிசையில் யாரோ முனக, சிரிப்பு பரவியது.

“இல்ல மிஸ். தெரியாம இல்ல. ரெண்டு பேரு புடிச்சிக்கினாங்க. அவ வேணும்னு தான் வெட்டனா.”

“ஏய், பொய் சொல்லாதடி!” என்றாள் தர்ஷினி.

“யாருடி பொய் சொல்றது? சாட்சி இருக்குது.” கோமதி என் பக்கம் திரும்பினாள். “மிஸ், நீங்க தான சொன்னீங்க, பாத்தவங்க எழுந்து பேசணும்னு? நீங்க பாத்துக்கினு தான இருந்தீங்க? சொல்லுங்க மிஸ்.”

“டேய், மிஸ்ஸே சாட்சிடா! கோர்ட்டு கேஸு ஆயிடுச்சு!” என்று ஒரு பையன் கூவினான். மீண்டும் சிரிப்பு. தலைமையாசிரியர் திரும்பி என்னைப் பார்த்தார். கேமராவும் திரும்பியது.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயம் என்றுதான் பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை! வந்தது கோபம். நான் வகுத்த விதியை எடுத்து என்மேலேயே எறிகிறாளே... இவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்ற கோபம். துணிச்சல் வேண்டும், துணிச்சல் வேண்டும் என்று வாரந்தோறும் பேசினேன். துணிச்சல் எழுந்து என் எதிரில் நின்றபோது எனக்கு அதைப் பிடிக்கவில்லை.

“நான் கவனிக்கல கோமதி. நான் வேற வேலையா இருந்தேன்.”

குரல் பிசகவே இல்லை. நிதானமானவள் என்று எனக்குப் பள்ளியில் பெயர்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “தப்ப ஒத்துக்கறதுக்கும் தைரியம் வேணும்மா. தர்ஷினி ஒத்துக்கிட்டா. நீ அவ மேல வீணா பழி போட்டதுக்கு ஒரு சாரி சொல்லிடு. மனசு லேசாயிடும்” என்றேன்.

அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். அவளைச் சற்று வளைத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஆம், அந்த ஆசை எனக்கு இருந்தது!

அவள் வளையவில்லை. “நான் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் அவளுடைய அம்மாவைப் பள்ளிக்கு வரவழைத்தார்கள். வேலைக்குப் போன சேலையோடே வந்தார். முந்தானையில் செம்மண் இருந்தது. தர்ஷினியின் அப்பாவைக் கண்டதும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். தர்ஷினியின் அப்பா கோபமாகப் பேசவில்லை. “கொழந்தைங்க விஷயம்மா. நாங்க பெருசு பண்ணல. டீச்சரயே பொய்க்காரி ஆக்கிடும் போல உம் பொண்ணு” என்று சிரித்தார்.

அந்த அம்மாள் என்னிடம் வந்தார். “யம்மா டீச்சரு, நெசமா நீங்க பாக்கலியா? கொஞ்சம் ரோசன பண்ணி சொல்லுங்கம்மா.”

பாருங்கள்... எனக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைத்தது! ஒரு தாய் வந்து கையில் கொடுத்தார்.

“பாக்கலம்மா” என்றேன்.

அவர் மகளிடம் திரும்பி, பளாரென்று அறைந்தார். “ஏண்டி, பொய் பேசிக்கினு திரியறதுக்கா உன்ன பஸ்ஸு ஏத்தி அனுப்பறேன்? படிச்ச டீச்சரு, அவங்களா பொய் சொல்லுவாங்க?”

அதுவரை யார் முன்னாலும் அழாத கோமதி அப்போதுதான் அழுதாள். அறை வலித்ததால் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் சொன்னதை அம்மா நம்பிவிட்டாள் என்பதால் என்று எனக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் முன்னால் வந்தாள். “தர்ஷினி, நான் உம் மேல பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடு.”

“பரவால்ல கோமதி. மன்னிச்சிட்டேன்.”

கை குலுக்கினார்கள். நான் கை தட்டினேன். மண்டபம் முழுவதும் தட்டியது. தப்பை ஒப்புக்கொண்ட துணிச்சலுக்கு என்று சொல்லி, தர்ஷினியின் சட்டையில் நட்சத்திர வில்லையை நானே குத்தினேன். கேமரா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. இன்று அந்தக் காட்சியைத்தான் மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியில் போட்டுக் காட்டுகிறார்கள். கோமதி விம்முவதை, மனம் திருந்திய கண்ணீர் என்று விளக்குகிறார்கள். விளக்குபவள் பல நேரம் நான்தான்.

பிறகு அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “பொய்க்காரி, நோட்டு குடு”, “பொய்க்காரி, தள்ளி ஒக்காரு.” நான் கேட்டுக்கொண்டே வராந்தாவில் நடந்திருக்கிறேன். அரையாண்டு விடுமுறைக்குப் பின் அவள் வரவில்லை. பட்டியலில் அவள் பெயரை இடைநின்றோரில் சேர்த்தார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?... மாட்டேன்.

ஆண்டுகள் போயின. சென்ற ஆண்டு என் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க, விழுப்புரம் நேருஜி சாலையில் ஒரு கடைக்கு அம்மாவும் நானும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் கோமதி நின்றாள்.

“வாங்க மிஸ். எந்த ரேஞ்சுல பாக்கறீங்க?”

குத்தலாகக் கேட்கவில்லை. கடையில் கேட்பதைப் போலவே கேட்டாள். ஒவ்வொரு புடவையாக விரித்தாள். “இந்த பச்ச உங்களுக்கு எடுப்பா இருக்கும் மிஸ்” என்றாள். அம்மாவுக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. “என்ன பொறுமையான பொண்ணு!” என்றார்.

அம்மா பில் போடப் போன இடைவெளியில் நான் சொன்னேன். “கோமதி, என்ன மன்னிச்சிடு. நான் அன்னிக்கு பாத்தேன்.”

புடவையை மடித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

“நீங்க பாத்தீங்கன்னு எனக்கு தெரியும் மிஸ். எனக்கே சொல்றீங்களா?” என்றாள். பிறகு, “மன்னிப்பு பேச்செல்லாம் என்னாண்ட வேணாம். அது எனக்கு வராது. ஒன்னே ஒன்னு செய்வீங்களா?”

“சொல்லு.”

“எங்க வூட்டுக்கு வந்து எங்க அம்மாவாண்ட சொல்லுங்க, நான் பொய் சொல்லலன்னு. இன்னிக்கும் எதுனா பேச்சு வந்தா, ‘நீ இஸ்கூல்லயே பொய் சொல்லி மானத்த வாங்கனவ தான’ங்குது. நான் எவ்ளோ சொன்னாலும் நம்ப மாட்டேங்குது. நீங்க சொன்னா நம்பும். டீச்சருல்ல?”

“வர்றேன்” என்றேன்.

“எப்ப மிஸ்?”

“இந்த வாரமே.”

போனேன்... பாதி தூரம் வரை. திண்டிவனத்தில் செஞ்சிப் பேருந்தில் ஏறி, அவள் ஊர் நிறுத்தத்துக்குச் சீட்டு எடுத்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன். நிறுத்தம் வந்தது. எழுந்திருக்கவில்லை.

“யம்மா, நீங்க கேட்ட ஸ்டாப்பு இதான். எறங்கலியா?” என்று நடத்துநர் கேட்டார்.

“இல்ல, செஞ்சி வரைக்கும் போறேன்.”

“மொதல்லயே சொல்றதில்லியா? பேஜாரும்மா உங்களோட!” என்று இன்னொரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னல் வழியாகக் கொல்லையில் குனிந்து நின்ற பெண்களைப் பார்த்தேன். அவர்களில் கோமதியின் அம்மா இருந்தாரா, தெரியாது. செஞ்சியில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

எது தடுத்தது? அந்த அம்மாள் என்னைத் திட்டுவார் என்பதா? திட்டினால் தாங்குவேன். அடித்தாலும் தாங்குவேன். ‘படிச்ச டீச்சரு’ என்ற அந்த முகம் என் கண் முன்னே மாறுவதைப் பார்க்க வேண்டுமே... அதற்குத்தான் எனக்கு நெஞ்சு இல்லை. அவர் மகளுக்குப் பதினான்கு வயதில் இருந்தது, எனக்கு இப்போதும் இல்லை!

உங்களிடம் சொல்வது எனக்கு எளிதாகத்தான் இருக்கிறது. நீங்கள் கோமதியின் அம்மா இல்லை. இதைச் சொன்னதால் எனக்கு ஒன்றும் குறையவில்லை. அவளுக்கு ஒன்றும் கூடவில்லை. ஆகவே ‘போகட்டும், ஒப்புக்கொண்டாளே’ என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

இன்றைய நிலை இது. தர்ஷினி கல்லூரியில் படிக்கிறாள். கோமதி அதே கடையில் வேலை செய்கிறாள். நான் அந்தச் சாலையைத் தவிர்த்துப் போகிறேன். மன்னிப்பு நேரம் தொடர்ந்து நடக்கிறது, நான்தான் நடத்துகிறேன். வல்லம் பக்கத்தில் ஒரு தாய், தன் மகள் பொய் சொன்னாள் என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் போய்ச் சொல்லவில்லை.