நாற்பத்தொரு பேரும் அவரும்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், எங்கள் ஊரில் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு லோர்னாதான் தலைவி. சனிக்கிழமை காலையில் உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேருக்கும் அவளே போன் போடுவாள். எனக்கும் வரும். "எப்படி இருக்கே? ராத்திரி தூங்கினியா? துப்பாக்கியைப் பூட்டிட்டுச் சாவியை யார்கிட்டயாவது குடுத்தியா?" மூன்றே கேள்விதான்.

போன மார்ச்சில் ஒருவர் எடுக்கவில்லை. தன் மகளின் பிறந்தநாள் கேக்கை வெட்டிவிட்டுப் போகலாம் என்றிருந்தாள். போனபோது அவர் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்துகிடந்தார். அதிலிருந்து மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தால் அவள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

போன சனிக்கிழமை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். "அப்பாடா!" என்று பட்டியலை மடித்தாள்.

எதிரே மகள் கெல்சி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "அப்பாவைக் கேட்டியாம்மா?"

"வீட்டுல இருக்கிற மனுசன், அவரை எதுக்குடி கேக்கணும்?"

"அவரும் ஈராக்குல இருந்துட்டு வந்தவர்தானே? மூணு நாளா பின்னாடி கொட்டகையிலதான் படுக்கறாரு. உனக்குத்தான் சங்கம் இருக்கே, தெரியாது."

லோர்னா சுவரைப் பார்த்தாள். துப்பாக்கி அலமாரியின் சாவி ஆணியில் இல்லை.

ஓடிக்கொண்டே கணவன் டுவைனுக்குப் போன் போட்டாள். கொட்டகைக்குள் மணி அடித்தது. ஐந்து, ஆறு, ஏழு. கதவை நெருங்கியவளுக்குத் திறக்கக் கை வரவில்லை.

ஒன்பதாவது மணியில் எடுத்தார். அவள் முதல் கேள்வியைக் கேட்குமுன் அவரே பேசினார்.

"தூங்கல, லோர்னா," என்றார். "சாவி என்கிட்டதான் இருக்கு. சீக்கிரம் வந்து வாங்கிக்கோ."