பாதியில் நின்ற லீவர்

என் மாமனாருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் வீட்டுத் துப்பாக்கி என் பெயருக்கு வந்தது. கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அவர் பெயருக்கு மாற்றலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"அவன் வர்ற வரைக்கும் பன்னி காத்துக்கினு இருக்குமா?" என்றார் மாமா.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் எங்கள் நிலம். பாதி கரும்பு, பாதி மக்காச்சோளம். கல்வராயன் காட்டிலிருந்து இறங்கும் பன்றிக் கூட்டம் பால் பிடித்த சோளத்தை ஒரே விடியலில் உருட்டிவிட்டுப் போய்விடும். பன்றியைச் சுட வேண்டும் என்றெல்லாம் மாமா என்றுமே நினைத்ததில்லை. கிணற்று மேட்டின் மண்ணில் இரண்டு குண்டு போடுவார், சத்தத்துக்கே கூட்டம் கலைந்துவிடும். ஆனால் அந்தச் சத்தத்துக்கும் லைசென்ஸ் வேண்டும். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்து, "நீங்களா சுடப் போறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் குரலை என்னாலேயே நம்ப முடியவில்லை.

சேலத்தில் பயிற்சிக்குப் போனேன். எனக்கு இடதுகைப் பழக்கம். அங்கே கொடுத்த ரைபிளில் தோட்டாவை உள்ளே தள்ளுகிற கைப்பிடி வலப்பக்கம் இருந்தது. ஒவ்வொரு முறையும் கையைத் துப்பாக்கிக்கு மேலே சுற்றிக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் இருந்தது வேறு மாதிரி. யேற்காட்டில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடம் மாமா பல காலத்துக்கு முன் முறைப்படி வாங்கிய, சின்ன தோட்டா போடுகிற லீவர் ரைபிள். விசைக்குக் கீழே இரும்பு வளையம் மாதிரி ஒரு லீவர் இருக்கும். விரல்களை அதற்குள் விட்டு முன்னால் தள்ளி, பின்னால் இழுத்தால் பழைய கூடு வெளியே விழும், பேரலுக்கு அடியில் உள்ள குழாயிலிருந்து அடுத்த தோட்டா ஏறி வரும். இடது கையா வலது கையா என்று அதற்குக் கவலையில்லை. அந்த ஒரு விஷயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது.

ஆனால் மாமா ஆறடி ஆள். தோளில் பதிகிற பின்கட்டை அவர் கைக்கு அளவானது. நான் பிடித்தால் கன்னம் ஒரு இடத்தில், கண் ஒரு இடத்தில். கட்டையை மட்டும் கழற்றி, கள்ளக்குறிச்சியில் நிலைக்கதவு செய்கிற ஆசாரியிடம் எடுத்துப் போனோம். துப்பாக்கி பீரோவில் பூட்டிக் கிடந்தது. ஆசாரி கட்டையை அளவெடுத்து, பின்பக்கம் நறுக்கென்று வெட்டினார். "பொம்பளைங்க தோளு, இடிக்கும்மா" என்று சொல்லி, லாரி மட்கார்டு ரப்பரை இரண்டு அடுக்காக வெட்டி ஒட்டி, ஆணி தெரியாமல் அழகாக இழைத்துக் கொடுத்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. லீவரில் விரல் முட்டி உரசுகிறது என்று நானே மெல்லிய தோல் வாங்கிச் சுற்றித் தைத்தேன். என் சேலை மடிப்பைக்கூட நான் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

அப்புறம்தான் சிக்கல் தொடங்கியது. கிணற்று மேட்டில் பழகும்போது முதல் தோட்டா சரியாக வெடிக்கும். இரண்டாவது ஏறும்போது மூக்கு சாய்ந்து பேரலின் வாயில் முட்டி நிற்கும். சில சமயம் நின்ற தோட்டாவுக்குப் பின்னால் இன்னொன்றும் எட்டிப் பார்க்கும். மாமா எண்ணெய் போடச் சொன்னார். போட்டேன். எண்ணெய் ஜாஸ்தி ஆகிவிட்டது என்றார். துடைத்தேன். தோட்டா பழசு என்றார். புதுப் பெட்டி வாங்கி வந்தேன். ஒரு நாள் சரியாக ஓடும், மறுநாள் சிக்கும். ஒரே மாதிரி சிக்கினாலாவது காரணம் புரியும். இது எப்போது மாட்டும் என்று தெரியாமல், லீவரைத் தொடும்போதே பயந்து விறைத்துவிடுவேன்.

கணவரிடம் போனில் சொன்னேன்.

"அத சரண்டர் பண்ணிடு. கம்பி வேலி போட்டுக்கலாம்."

"மாமா ஒத்துக்கணுமே."

"நீ சொல்லு."

"நான் எப்டிங்க சொல்றது? நீங்க சொல்லுங்க."

அவர் பேச்சை மாற்றிவிட்டார். அவருக்கும் அப்பா என்றால் பயம்தான்.

சோளம் பால் பிடித்திருந்தது. ஒரு நாள் கிழக்கு வெளுக்கும்போது நாய் விடாமல் குரைத்தது. நானும் மாமாவும் போனோம். சோளத்துக்குள் மடக் மடக்கென்று தட்டை முறிகிற சத்தம். கிணற்று மேட்டைப் பார்த்துக் குறிவைத்து முதல் குண்டைப் போட்டேன். உள்ளே ஒரே ஓட்டம். ஆனால் சத்தம் முழுக்க ஓயவில்லை. சில பன்றிகள் நின்றுவிட்டன. லீவரைத் தள்ளி இழுத்தேன். பாதியில் நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மேல் திறப்பில் பார்த்தால் ஒரு தோட்டா கோணலாக, பல்லில் கடித்த மாதிரி இறுகி நிற்கிறது. இந்தச் சின்னத் தோட்டாவுக்கு விளிம்பில் அடிபட்டாலே போதும், வெடிக்கும். பயிற்சியில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்.

மாமா மோட்டார் கொட்டகையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்தார்.

"இப்டி குடும்மா. நெம்பி எடுத்துர்றேன்."

அவர் கை ஆடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரின் முனையும் ஆடியது.

"வேணாம் மாமா."

"இன்னா வேணாம்? எத்தினி வாட்டி எடுத்துகிறேன் தெரியுமா?"

"வேணாம் மாமா. தொடாதீங்க."

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் முகம் சிவந்தது. நான் துப்பாக்கியை அவர் பக்கமிருந்து விலக்கி, மண்மேட்டைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: அன்று பக்கத்து நிலத்தில் கரும்பு வெட்டு. ஆட்கள் அரிவாளோடு வருகிற வழி அந்த மேட்டை ஒட்டிய வரப்புதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்துவிடுவார்கள்.

"மாமா, நீங்க போய் அந்த வரப்புல நில்லுங்க. வெட்டு ஆளுங்க யாரயும் இந்தப் பக்கம் வுடாதீங்க. அது நீங்க சொன்னாதான் கேப்பாங்க."

அவர் என்னையே பார்த்தார். ஸ்க்ரூடிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பை நோக்கி நடந்தார்.

மண் அடைத்த இரண்டு யூரியா மூட்டைகள் கிணற்றடியில் கிடந்தன. துப்பாக்கியை அவற்றின் மேல், முனை மேட்டைப் பார்க்கும்படி வைத்தேன். விசையிலிருந்து விரலை எப்போதோ எடுத்துவிட்டேன். ஆனாலும் எடுத்துவிட்டேனா என்று குனிந்து பார்த்தேன். சேலத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் கடைக்காரரின் நம்பர் என்னிடம் இருந்தது. அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அதற்கும் எடுக்கவில்லை. வரப்பில் மாமா யாரையோ அதட்டுவது கேட்டது. வெட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். மூன்றாவது தடவை அவர் எடுத்தார்.

"தொழுகையில இருந்தேங்க. சொல்லுங்க."

சொன்னேன். வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"லீவர அமுக்கினீங்களா?"

"ஒரு வாட்டி தள்ளினேன். போவல."

"இனிமே தள்ளாதீங்க. கம்பி கிம்பி எதுவும் உள்ள உடாதீங்க. மொதல்ல குழாயில இருக்கிற தோட்டாவக் காலி பண்ணிடலாம். பின்னாலருந்து அதுங்க தள்ளறதாலதான் இது இறுகி நிக்குது."

அந்தக் குழாயைப் பேரலின் முனைப்பக்கமாகத்தான் உருவ வேண்டும். அதாவது, தோட்டா மாட்டி நிற்கிற துப்பாக்கியின் வாய்க்குப் பக்கத்தில் என் கை போக வேண்டும்.

"கை முன்னாடி போகக் கூடாதுங்க" என்றார். "பக்கவாட்டுல உக்காருங்க. பக்கத்துலருந்தே ரெண்டு விரல்ல பிடிச்சுத் திருகி இழுங்க. அவசரமே இல்ல."

போனை ஸ்பீக்கரில் போட்டு மண்ணில் வைத்தேன். முட்டி போட்டு உட்கார்ந்தேன். விரல் வியர்த்து வழுக்கியது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். குழாய் ஒருவழியாகத் திரும்பியது. உருவிக்கொண்டு, துப்பாக்கியின் முனையைத் தாழ்த்திச் சாய்த்தேன். தோட்டாக்கள் ஒவ்வொன்றாக மண்ணில் விழுந்தன. அந்தச் சத்தம் மிகச் சின்னது. ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டேன்.

"விழுந்துடுச்சுங்க."

"இப்ப லீவர லேசா தொட்டுப் பாருங்க. பலம் குடுக்காதீங்க."

தொட்டேன். இளகியது. முழுக்கத் திறந்ததும் கோணல் தோட்டா தளர்ந்து படுத்தது. துப்பாக்கியைப் பக்கவாட்டில் புரட்டினேன், அது கீழே விழுந்தது. மூக்கு நசுங்கியிருந்தது. பேரலுக்குள் ஒன்றுமில்லை என்று வெளிச்சத்தில் மூன்று முறை பார்த்த பிறகுதான் அவருக்குச் சொன்னேன். "நல்லதுங்க. சோறு தின்னுட்டு மெதுவா கெளம்பி வாங்க" என்றார்.

மாமா திரும்பி வந்தபோது நான் கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் நசுங்கிய தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அது அவர் கையில் ஆடியது.

"ஆளுங்க போய்ட்டாங்க" என்றார்.

வாடகைக் கார் பிடித்துச் சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போனேன். துப்பாக்கி உறையில், தோட்டா தனிப் பையில், லைசென்ஸ் என் கையில். எங்கே போலீஸ் நின்றாலும், யாரும் நிறுத்தாமலே, லைசென்ஸை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் முழுக்கப் பிரித்துப் பார்த்தார். குழாயின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று மாற்றினார். தோட்டாவைத் தூக்குகிற தகட்டைத் துடைத்து உரசிப் பார்த்தார். பிறகு வெடிக்காத, பழகுவதற்கான பித்தளைத் தோட்டாக்களைப் போட்டு லீவரை ஓட்டினார். கடகடவென்று எல்லாம் ஏறி, எல்லாம் வெளியே விழுந்தன.

"பாருங்க, சரியாத்தான ஓடுது" என்றார்.

என்னிடம் கொடுத்தார். தோளில் வைத்து ஓட்டினேன். சிக்கியது. மறுபடி அவர் ஓட்டினார், ஓடியது. நான் ஓட்டினேன், சிக்கியது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. துப்பாக்கிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றுகூடத் தோன்றியது. அவரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"ஸ்பிரிங்தான்னு நெனச்சேங்க. இதுல வேற ஏதோ இருக்கு."

எதிரே கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் நான் பக்கவாட்டில் தெரிந்தேன். கண்ணாடியைப் பார்த்தபடியே மெதுவாக லீவரைத் தள்ளினேன். என் கை நீண்டு, முழங்கை நிமிர்ந்து, அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றது. ஆனால் லீவருக்கு இன்னும் இரண்டு விரல்கடை தூரம் பாக்கி இருந்தது.

"ஏங்க, லீவர் முழுசா போகல. எனக்குக் கை எட்டல."

அவர் சுற்றி வந்து பார்த்தார். பின்கட்டையைத் திருப்பினார். ரப்பரை நகத்தால் தட்டினார்.

"யாருங்க இத ஒட்டினது?"

ஆசாரி வெட்டி எடுத்த அளவு எவ்வளவோ, அவர் ஒட்டிய ரப்பரின் கனமும் ஏறக்குறைய அவ்வளவே. கட்டை மாமாவின் அளவுக்கே திரும்பப் போயிருந்தது. ஆசாரியும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை, கழற்றி மாட்டிய மாமாவும் கவனிக்கவில்லை. லீவர் முழுத் தூரம் போனால்தான் தகடு தோட்டாவை முழுக்கத் தூக்கும். பாதி போனால் பாதி தூக்கும். நான் உடம்பு தளர்வாக நின்ற நாட்களில் கை எட்டியிருக்கிறது. பயந்து விறைத்த நாட்களில் எட்டவில்லை. அதனால்தான் ஒரு நாள் ஓடி, ஒரு நாள் சிக்கியிருக்கிறது.

கடைக்காரர் ரப்பரைப் பெயர்த்துவிட்டு, கட்டையை என் கைக்கு அளந்து இன்னும் கொஞ்சம் குறைத்து, மெல்லிய பட்டை ஒன்றைப் பொருத்தினார். லீவரில் நான் தைத்த தோலை மட்டும், "இது நல்லாருக்குங்க, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார். பித்தளைத் தோட்டாக்களையும் கொடுத்தனுப்பினார்.

வீட்டில் மாலை நேரங்களில் கூடத்தில் நின்று ஓட்டிப் பழகினேன். முழுக்கத் தள்ளு, முழுக்க இழு. மாமா ஜெபப் புத்தகத்தைத் தாழ்த்தி, "இன்னும் எத்தினி நாளு இந்தக் கடகட?" என்று ஒருமுறை கேட்டார். மறுநாள் உருண்டுபோன பித்தளைத் தோட்டா ஒன்றைக் கட்டிலுக்கடியிலிருந்து அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

கணவரிடம் சரிசெய்தாகிவிட்டது என்று சொன்னேன். "வேலிக்கு ஆள் பாத்துட்டேன், அப்பாகிட்ட நானே சொல்லிட்டேன்" என்றார். எனக்கு அதில் வருத்தமில்லை. வேலி வர இன்னும் நாளாகும், சோளம் அதுவரை நிற்க வேண்டுமே.

அடுத்த வாரம் பன்றிகள் வந்தன. நான் மேட்டுக்கு எதிரே போய் நின்று, வரப்பில் யாருமில்லை என்று குரல் கொடுத்துப் பார்த்த பிறகு முதல் குண்டைப் போட்டேன். லீவரைத் தள்ளினேன், கை நிற்கும் வரை அல்ல, லீவர் நிற்கும் வரை. கூடு தெறித்து என் தோளில் சுட்டது. இரண்டாவது குண்டும் மண்ணில் இறங்கியது. கூட்டம் மலையடி அணைக்கட்டுப் பக்கம் ஓடுகிற சத்தம் தேய்ந்து தேய்ந்து போயிற்று. துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போட்டு வைத்த பிறகும் என் கை நடுக்கம் நிற்கவில்லை. மோட்டார் கொட்டகையில் மாமா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினார். அவர் கையும் ஆட, என் கையும் ஆட, பாதி டீ கீழே போயிற்று. மீதியைக் குடித்துவிட்டுச் சோளத்துக்குள் எவ்வளவு சேதம் என்று பார்க்க இருவரும் இறங்கினோம்.