அரைக்கோழிக்கு ஒரு கால்தான்

“…காலை எடுத்து இவ இலையில வச்சேன்னா சரின்னு அர்த்தம். நானே கடிச்சிட்டேன்னா வந்த வழியே வண்டியத் திருப்பிரணும். பொறவு ஏன், எதுக்குன்னு என்கிட்ட யாரும் கேக்கக் கூடாதுண்ணே” என்றாள் அத்தை.

கோழிக்காலைத்தான் சொன்னாள். ‘இவ’ என்றது என்னை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் வாடகைக் காருக்காக நின்றுகொண்டிருந்தோம். அம்மா மாதா கெபிக்கு மெழுகுதிரி ஏற்றப் போயிருந்தாள். அவள் அந்தப் பக்கம் போகட்டும் என்றுதான் அத்தை காத்திருந்தாள் போலிருக்கிறது. அப்பா ‘ம்’ என்றார். அவருக்கு இந்த ஏற்பாடு பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் விசைப்படகில் டிரைவர். எஞ்சின் சத்தத்தில் அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது. கையைத் தூக்கினால் ஒரு சேதி, துண்டை வீசினால் வேறொரு சேதி. ‘கடல்ல போறவனுக்கு நாக்கு எதுக்கு? ருசி பாக்கத்தான்’ என்பார். கரையிலும் ஏறக்குறைய அப்படியே காலத்தை ஓட்டியவர்.

அம்மாவிடம் இந்தக் கால் சமாச்சாரத்தைச் சொல்லக் கூடாது என்பதும் அங்கேயே முடிவாயிற்று. அம்மாவுக்கு வஞ்சகம் தெரியாது. எங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்பதை அவள் முகத்தைப் பார்த்தே தெரு சொல்லிவிடும். அப்பா என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். நான் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டினேன். நாலாம் வகுப்புக்காரிக்கு அதில் விளங்கியது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்குக் கால் எனக்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இரவில் அவள் பாயும் என் பாயும் ஒட்டிக் கிடக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. எந்தக் கப்பல் எப்போது வருகிறது, எது எங்கே தங்கிவிட்டது என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வது அவள் பாடு. ‘கப்பல் தேதியும் கள்ளன் சத்தியமும் ஒண்ணு’ என்று சிரிப்பாள். கப்பல்காரன் மாப்பிள்ளையே வேண்டாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதனால்தான். ஆனால் வந்திருப்பது கப்பல்காரன். அன்று சாயங்கால ரயிலில் மும்பைக்குப் போய்க் கப்பல் ஏறுகிறவர். ஏறினால் அடுத்த வருடம்தான் இறங்குவார். ஆகவே பார்ப்பதும் சொல்வதும் ஒரே சாப்பாட்டில் முடிந்தாக வேண்டும்.

அதற்கு வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சங்கதி. அதற்கு முன் இரண்டு இடம் வந்து, காப்பி குடித்து, பிறகு பதிலே சொல்லாமல் போயிருந்தது. வந்தவர்கள் மறந்தாலும் தெரு மறக்கவில்லை. ‘உப்பு மூட்டையும் ஊர் வாயும் இறுக்கிக் கட்டினாலும் கசியும்’ என்பது எங்கள் பக்கத்துச் சொல். உப்பளத்துக்காரர்களுக்குத் தெரியாததா? இந்த முறை தெருவில் ஒரு காக்கைக்கும் தெரியக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள். அப்பா யோசித்து யோசித்து, கடலை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விடுவது என்று கண்டுபிடித்தார். எட்டயபுரம் சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு தோட்டத்து ஓட்டல். நாட்டுக்கோழி ரோஸ்ட்டுக்குப் பேர் போனது. நாங்கள் ஒரு மேசை, அவர்கள் பக்கத்து மேசை. யாரோ எவரோ மாதிரி உட்கார்ந்து சாப்பிட வேண்டியது. சரி என்றால் அப்பா கைகழுவப் போவார். மாப்பிள்ளையின் அண்ணன் பின்னாலேயே வருவார். குழாயடியில் பேச்சு முடிந்துவிடும். கச்சிதமான திட்டம்.

திட்டத்தில் ஒரே ஓட்டை. அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. வாரம் முழுக்க மீனையே தின்ற நாக்கு அன்றைக்குக் கறி கேட்கும். கறி கேட்கிற நாக்குகள் எல்லாம், கையில் நாலு காசும் ஒரு வண்டியும் கிடைத்தால், கடலை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகும். நாங்கள் போய் இறங்கியபோது எங்கள் தெருவில் பாதி அந்த வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

அப்பா காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவர், அப்படியே நின்றார். அதற்குள் கோடிவீட்டுப் பெரியம்மை பார்த்துவிட்டாள். “ஏளா, நீங்களும் இங்கனதானா? கறின்னா உங்க வீட்டுக்கு மூக்குல வேர்த்திருமே” என்று வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். பெரியம்மை நல்லவள். சாவு வீட்டுக்கு முதலில் ஓடுவதும் அவள்தான், அந்த வீட்டுக் கதையைக் கடைசி வரைக்கும் சொல்வதும் அவள்தான். அத்தையின் புதுச் சேலையை மேலும் கீழும் பார்த்து, என்ன விசேஷம் என்றாள். அம்மாவின் முகம் சிவக்கத் தொடங்கியது. அத்தை அம்மாவைப் பிடித்து நகர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஓலைக் கொட்டகைக்குள் ஒரே இரைச்சல். மூலை மேசையில் மூன்று பேர் எங்களைப் பார்த்தும் பாராமல் இருந்தார்கள். நீலச் சட்டை போட்ட ஒருவர், அவருடைய அம்மை, அண்ணன். பக்கத்து மேசை எங்களுக்கு. உட்கார்ந்தோம். அங்கே பார்க்காதே என்று அம்மா என் காதில் சொன்னாள். சொன்ன கையோடு அவளே பார்த்தாள்.

ரோஸ்ட்டுக்கு நேரமாகும் என்றான் பரிமாறுகிறவன். விறகடுப்பு, நாட்டுக்கோழி, இத்தனை கூட்டம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றான். பொறுத்தோம். அப்பாவின் முழங்கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது, மேசையும் ஆடியது, தண்ணீர் டம்ளரும் ஆடியது. அத்தை வளையலைச் சுற்றினாள். ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம். அம்மா இலையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். நான் சமையல் கட்டைப் பார்த்தபடி நாற்காலியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். நல்லெண்ணெயும் மிளகும் மணந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டும் எங்களுக்கு என்று நினைத்தால் வேறு மேசைக்குப் போயிற்று.

அப்போதுதான் பெரியம்மையின் வேன் கூட்டம் உள்ளே வந்தது. உட்கார இடமில்லை. ஆளுக்கொரு மூலையாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். பெரியம்மைக்குக் கிடைத்த நாற்காலி எது என்கிறீர்கள்? நீலச் சட்டைக்காரர் மேசையில் காலியாக இருந்த நாலாவது நாற்காலி. அவரே எழுந்து இழுத்துப் போட்டார். அப்பா கண்ணை மூடித் திறந்தார்.

பெரியம்மை உட்கார்ந்ததும் கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது. எந்த ஊர், எந்தப் பங்குக் கோயில், மூத்தவனுக்கு எத்தனை பிள்ளை, இளையவன் கப்பலிலா, கலியாணம் முடிந்ததா. அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் எதற்கு வந்தீர்கள் என்ற இடத்தில் மட்டும் மகனைத் திரும்பிப் பார்த்தார். நீலச் சட்டைக்காரர்தான் சாவதானமாக, அம்மைக்குக் கறி ஆசை, அதான் கூட்டி வந்தோம் என்றார். எங்கள் மேசைக்குச் சோறு வந்து, நாங்கள் சிலுவை போட்டுக்கொண்ட அதே நேரத்தில் அங்கேயும் சிலுவை போட்டார்கள். அப்பாவும் அந்த அண்ணனும் நெற்றியில் கை வைத்த நிலையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது போதும், காட்டிக்கொடுக்க. நல்லவேளை, பெரியம்மையும் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ரோஸ்ட் வந்தது. முழுக்கோழி கேட்டிருந்தோம். கூட்டத்தில் தீர்ந்துவிட்டது அண்ணாச்சி, பாதிதான் இருக்கு என்று தட்டை வைத்துவிட்டுப் போனான். பாதி என்றால் ஒரு நெஞ்சு, ஒரு சிறகு, ஒரு கால். கறுத்துச் சிவந்து, எண்ணெய் மினுங்க, ஒரே ஒரு கால்.

பிறகு நடந்தது கண் மூடித் திறப்பதற்குள். எங்கள் வீட்டில் எந்தக் கோழி வெந்தாலும் கால் எனக்கு. அம்மாவின் கை அதை யோசித்துச் செய்யாது. தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் செய்யும். தட்டு மேசையில் பட்டதும் அவள் காலைப் பிய்த்து என் இலையில் வைத்துவிட்டாள். அப்பா அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசையைக் கவனித்துக்கொண்டிருந்தார். திரும்பினார். என் இலையில் கால் இருந்தது. அத்தையைப் பார்த்தார். அத்தை தலை குனிந்திருந்தாள். ஆக, சரி. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அங்கே அந்த அண்ணனும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

அத்தை நிமிர்ந்தாள். அப்பா நிற்பதையும் பார்த்தாள், என் இலையையும் பார்த்தாள். கையை நீட்டி என் இலையிலிருந்த காலை எடுத்துக்கொண்டாள்.

கடலில் ஆயிரம் சைகை பார்த்த அப்பாவுக்கு இப்படி ஒன்று அதுவரை வந்ததில்லை. உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. குனிந்தவாக்கில் நின்றார். அங்கே அந்த அண்ணனும் அப்படியே. நான் வாயைத் திறந்து அழத் தொடங்கினேன். சும்மா இல்லை, கொட்டகையே திரும்பிப் பார்க்கிற அழுகை. அத்தை சரி என்றால் கால் எனக்கு என்றுதானே பேச்சு? அவள்தான் பேச்சு மாறிவிட்டாள் என்று நினைத்தேன்.

“சின்னப்பிள்ள இலையில கைய வைக்கியே, ஒனக்கு வெக்கமா இல்லையாளா?” என்றாள் அம்மா. அவளுக்கு நிஜமாகவே கோபம். கால் அத்தை கையில் இருந்தது. அதை மெல்ல வாய்க்கருகில் கொண்டு போனாள்.

பக்கத்து மேசையில் பெரியம்மை பெருமூச்சு விட்டு, அந்த அம்மாளிடம் ரகசியம் போலச் சொன்னாள். பெரியம்மையின் ரகசியம் கரையிலிருந்து சொன்னால் படகுக்குக் கேட்கும். “ஒண்ணுமில்ல தாயி. பாவப்பட்ட பிள்ள. ரெண்டு எடம் வந்து தட்டிப் போச்சு. அந்த வெசனத்தப் பச்சப்பிள்ள மேல காட்டுதா.”

எந்தப் பேச்சுக்கு அஞ்சி இவ்வளவு தூரம் வந்தோமோ, அந்தப் பேச்சு யார் காதில் விழக் கூடாதோ அவர்கள் மேசையிலேயே விழுந்துவிட்டது. அம்மாவின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அத்தையின் கை வாய்க்கருகில் நின்றது.

நீலச் சட்டைக்காரர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பெரியம்மையின் இலைக்குக் குழம்பை ஊற்றியபடி, சாதாரணமாகக் கேட்டார்: “தட்டிப் போச்சா, இல்ல அந்தப் பொண்ணே தட்டி விட்டுச்சா பெரியம்மை? பாத்தா வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு மாதிரில்லா இருக்கு.”

பெரியம்மை குழம்பு போதும் என்று கையைக் காட்டினாள். அவளுக்குப் பதில் வராமல் போனதை எங்கள் தெரு பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பேச்சில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. என் கண் முழுக்க அந்தக் காலின் மேல்தான். அது திரும்ப என் இலைக்கு வந்துவிட வேண்டும் என்று மாதாவிடம்கூட வேண்டிக்கொண்டேன். வந்தால் என் பாய்க்குப் பக்கத்துப் பாய் சுருட்டி வைக்கப்படும், இரவில் கப்பல் கதை சொல்ல ஆளிருக்காது, தேதி தவறுகிற ஒரு கப்பலுக்காக அவள் வேறொரு வீட்டு வாசலில் நிற்பாள் என்றெல்லாம் தெரிந்திருந்தால் அப்படி அழுதிருப்பேனா, தெரியாது. கால் வேண்டும் என்று அழுதேன்.

அத்தை கையிலிருந்த காலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, அப்பா பார்க்கிறாரா என்று நிமிர்ந்து உறுதிப்படுத்திக்கொண்டு, அதைத் தன் கையாலேயே என் இலையின் நடுவில் வைத்தாள். வைத்துவிட்டு, விரலில் ஒட்டியிருந்த மசாலாவை மட்டும் நக்கிக்கொண்டாள்.