கதிர்காமத்தில் உப்புத் தண்ணீர்

ஏழு வயது வரைக்கும் எனக்குச் சடை இருந்தது. அம்மா தினமும் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிடுவாள். ரிப்பன் கட்டாமல் விட்டது ஒன்றுதான் ஆண்பிள்ளை என்று எனக்குக் காட்டிய சலுகை. முதல் முடியைக் குலதெய்வத்துக்குத்தான் இறக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். குலதெய்வமோ கடலுக்கு அந்தப் பக்கம், துறையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது. நாங்கள் கண்டியில், மஹய்யாவையில் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் என் சடையைப் பிடித்து இழுக்காத பையன் கிடையாது. அழுதுகொண்டு வந்து நின்றால், அது சாமி முடி, பொறுத்துக்கொள் என்பாள் அம்மா. சாமிக்கு என்ன போயிற்று, இழுபடுவது நானல்லவா?

ஊருக்குப் போகவிடாமல் தடுத்தது அப்பாவின் மனு. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாகிப் போனார்கள். இலங்கைப் பிரஜையாக வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். இங்கேதான் நிலையாக வாழ்கிறோம், வேறு போக்கிடம் இல்லை என்று காட்ட வேண்டும். அப்பா நகரசபையில் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். பிரஜையில்லாதவர்களை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், பிறகு கப்பலேற்றிவிடுவார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அப்பா சோற்றைப் பிசைந்தபடியே யோசனையில் உட்கார்ந்திருப்பார். தெருவில் குடையும் சப்பாத்துமாக யாராவது அறிமுகமில்லாதவர் வந்தால், விசாரிக்க வந்தவரோ என்று அம்மா கதவைச் சாத்திவிடுவாள்.

மனுவில் ஒரு கேள்வி இருந்தது. இந்தியாவில் உங்களுக்கு வீடோ நிலமோ உண்டா? அப்பாவுக்கு உண்டு. அவர் பிறந்த வீட்டில் பாதி அவருடையது, மறுபாதி பெரியப்பாவுடையது. நாலு வயதில் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர் அதற்குப் பிறகு அந்த வீட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டு அதை மட்டும் வெறுமையாக விட்டு, கடதாசியை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு நாட்களைக் கடத்தினார். அம்மாவின் தம்பி, என் மாமா, டவுனில் தையல்கடை ஒன்றில் மெசினடித்துக்கொண்டிருந்தவர், தலையிலடித்துக்கொண்டார்.

"இல்லைன்னு எழுதிட்டுப் போங்க மச்சான். கடல் தாண்டி எவன் வந்து பாக்கப் போறான்?"

"இருக்கறத எப்பிடிப்பா இல்லைன்னு எழுதுறது?" என்றார் அப்பா.

கடைசியில் அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். நேரில் போய்த் தன் பாதியைப் பெரியப்பா பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. திரும்பி வந்து, மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் 'இல்லை' என்று எழுதுவது. போகிற போக்கில் என் முடியையும் இறக்கிவிடலாம். ஒரு 'இல்லை'யை உண்மையாக்குவதற்காகக் கடல் தாண்டிய மனிதர் அந்தக் காலத்தில் என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

ஆனால் மனுப் போடுகிற நேரத்தில் இந்தியாவுக்குப் போனால், பார், இவனுக்கு அங்கேதான் வீடுவாசல் என்று எழுதிவிட மாட்டார்களா? அம்மா இதைக் கேட்டுக் கேட்டு அப்பாவின் உயிரை எடுத்தாள். இங்கேதான் மாமா தன் மூளையை உபயோகித்தார். கேட்கிறவர்களிடமெல்லாம் இங்கேயே தெற்கில் இருக்கிற கதிர்காமத்துக்குப் போவதாகச் சொல்லிவிடலாம், பையனுக்கு முருகனிடம் மொட்டை போட நேர்ந்திருப்பதாகச் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்றார். பயணக் கடதாசிகளுக்காகக் கொழும்பில் அரசாங்கக் கந்தோர்களுக்கு அலைந்ததும் அவர்தான். அந்தக் கடதாசியே நம்மைக் காட்டிக் கொடுக்காதா என்று அம்மா கேட்டதற்கு, "அது வேற கந்தோரு அக்கா, இது வேற கந்தோரு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது" என்றார். நாங்கள் நம்பினோம்.

ஊரைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது கொஞ்சந்தான். வீட்டுக்குள் நுழையும்போது அப்பா நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். இந்த வாசல் ரொம்ப உயரமாக இருந்ததே என்று தேய்த்துக்கொண்டே சொன்னார். பார்க்க வந்தவர்கள் எங்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள். கண்டியில் எங்களை இந்தியாக்காரர்கள் என்பார்கள். எனக்கு இரண்டும் பெருமையாகத்தான் இருந்தது. அப்பா கிணற்றடிக்குப் போனார், மாட்டுக்கொட்டகைக்குப் போனார், எதையோ தொலைத்தவர் போல ஒவ்வொரு சுவராகத் தடவிக்கொண்டு நடந்தார்.

கோவிலில் என் சடை விழுந்தது. அப்பாடா என்றிருந்தது. மறுநாள் பத்திரம் பதியும் கந்தோருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரியப்பாதான் முரண்டு பிடித்தார். சொத்து தன் பெயருக்கு வருகிறதே என்று சந்தோஷப்பட வேண்டியவர், வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றார்.

"நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா எங்கடா வந்து நிப்ப?"

"வரமாட்டேண்ணே. வரக்கூடாதுன்னுதான எழுதிக் குடுக்கறேன்."

பெரியப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய மீசை வைத்த ஆள் அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார், பெருவிரலில் மை தடவி ரேகையும் வைத்தார். திரும்புகிற வழியில் எனக்கு முறுக்கு வாங்கித் தந்தார்கள்.

என்னைக் கேட்டால் அந்தப் பயணத்தில் பெரிய விஷயம் வீடுமில்லை, சாமியுமில்லை, கடல்தான். மலைநாட்டில் பிறந்த எனக்கு அத்தனை தண்ணீர் ஓரிடத்தில் இருக்கும் என்றே தெரியாது. திரும்பும்போது தனுஷ்கோடியில் கப்பலேறுவதற்கு முன்னால் எல்லோரும் கடலில் முழுக்குப் போட்டோம். ஓர் அலை அம்மாவைச் சேலையோடு புரட்டிப் போட்டது. நான் இரண்டு வாய் குடித்துவிட்டேன். என் மொட்டைத் தலையில் வெட்டுப்பட்ட இடமெல்லாம் எரிந்தது.

கண்டிக்கு வந்ததும் அப்பா அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி மனுவை அனுப்பினார். அன்றைக்கு அவர் வயிறாரச் சாப்பிட்டதாக அம்மா சொல்வாள். மாமாவோ எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். விசாரணைக்கு வருகிற ஐயா குழந்தைகளையும் கேட்பார் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். எங்கே மொட்டை போட்டாய்? கதிர்காமத்தில். யாருக்கு? முருகனுக்கு. எதில் போனாய்? பஸ்ஸில். வாய்ப்பாடு போலக் காலையும் மாலையும் ஒப்பிப்பேன். சுவரில் மாட்டியிருந்த இந்தியத் தலைவர் படத்தைக் கழற்றிவிட்டுப் கண்டிப் பெரஹரா ஊர்வலத்து யானை போட்ட கலண்டர் ஒன்றை மாட்டினார். அப்பா இதையெல்லாம் பார்க்காதவர் போலச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

உத்தியோகத்தர் வந்தபோது என் தலையில் முடி அரும்புவிட்டிருந்தது. அவர் சிங்களவர், நடுவயது, நெற்றியில் விபூதிக் கீற்று. தமிழ் பேசினார். நல்ல மனிதர் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அவர் முறைத்துக்கொண்டு வந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதினார். இந்தியாவில் வீடு உண்டா என்றபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து "இல்லீங்க" என்றார். அப்புறம் சமீபத்தில் எங்காவது போனீர்களா என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். மாமா முந்திக்கொண்டு, பையனுக்கு மொட்டை போடக் கதிர்காமம் போனோம் என்றார்.

அந்த மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் கதிர்காம முருகனுக்கு அடிமையாம், வருஷம் தவறாமல் போகிறவராம். எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மாமா கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் கேட்டார். நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். மாமாவின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான், பிள்ளையிடம் ஆசையாகப் பேசுவதற்காகவே அவர் கேட்டார்.

"மகன் மாணிக்க கங்கையில குளிச்சதா? தண்ணி எப்பிடி?"

இது பாடத்தில் இல்லை. கதிர்காமத்து ஆற்றை எனக்குத் தெரியாது. ஆனால் தண்ணீரைப் பற்றிச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது.

"ஒரே உப்பு ஐயா! பெரிய அலை வந்து அம்மாவத் தள்ளிருச்சு."

அடுப்படியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. உத்தியோகத்தர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, கப்பலும் இருந்ததா என்று கேட்டார். ஆமாம், பெரிய கப்பல், நாங்கள் ஏறினோம் என்றேன். அவர் தேநீரைக் குடித்து முடித்தார். இரண்டு வரி எழுதினார். போகும்போது என் தலையைத் தடவினார். அப்பாவின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

அவர் படியிறங்கியதும் மாமா என் பக்கம் பாய்ந்து வந்தார். அப்பா கையை நீட்டித் தடுத்துவிட்டார். நான் சரியாகச் சொன்னேனா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"சரியாத்தான்டா சொன்ன. நடந்ததத்தான சொன்ன."

அது போதாதா எனக்கு? அன்றைக்கு முழுக்கக் குதித்துக்கொண்டு திரிந்தேன்.

மனு தள்ளுபடியானது. ஏதோ ஒரு கடதாசி குறைந்துபோனதாம் என்று அப்பா சொன்னார். நகரசபை வேலை கொஞ்ச நாளில் போயிற்று. அதன்பிறகு அவர் வத்தேகமப் பக்கத்துத் தோட்டங்களில் பைப் வேலை, கிணற்று வேலை என்று கிடைத்ததைச் செய்தார். எந்த நாட்டு ஆளும் இல்லாமலே மஹய்யாவை மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தார். போய் நிற்கலாம் என்றால், ஊர் வீட்டில் அவருக்கு ஒரு செங்கல்கூட இல்லை.

அவர் காரியம் முடிந்து அலுமாரியை ஒழிக்கும்போதுதான் மனுவைத் தள்ளுபடி செய்து வந்த கடிதத்தை வாசித்தேன். எந்தக் கடதாசியும் குறைந்திருக்கவில்லை. மனுதாரரின் வார்த்தை நம்பத்தகுந்ததல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டினேன். மூன்று வாரம் இந்தியா போய்வந்ததில் சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லையாம். அதை மறைக்காமல் சொல்லியிருந்தாலே போதுமாம்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் எதையெதையோ நினைத்துப் பார்த்தேன். உத்தியோகத்தரை அல்ல, மாமாவை அல்ல. அந்த வருஷங்களில் வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும், கேட்காமலேயே நான் கடற்கதையை ஆரம்பித்துவிடுவேன். அம்மா புரண்டதை நடித்துக் காட்டுவேன், உப்புத் தண்ணீரைத் துப்பிக் காட்டுவேன், அந்த ஐயாவிடம் நான் எப்படிச் சொன்னேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். எனக்கு அப்போது கோபம் வரும், இவளுக்குக் கதை கேட்கவே தெரியாது என்று. அப்பா மட்டும் உட்கார்ந்து கடைசி வரை கேட்பார். ஒருமுறைகூடப் போதும்டா என்று அவர் சொன்னதில்லை.