மூலிகைக் கம்பெனிக்கு ஸ்பேம் ஃபில்டர் போட்ட கதை

மெயில் சர்வருக்கு, வேண்டாத மெயிலைத் தடுக்கும் ஸ்பேம் ஃபில்டர் போடுகிறவனுக்கு ஒரு விசேஷம் உண்டு: குப்பை உள்ளே வந்தாலும் திட்டு அவனுக்குத்தான், நல்லது வெளியே நின்றாலும் திட்டு அவனுக்குத்தான். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகாக்களே, தூத்துக்குடியில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைக் கேளுங்கள். உங்கள் மனசு கொஞ்சம் ஆறும்.

பதில் மரியாதை

துறைமுகம் போகிற வழியில் ஒரு ஏற்றுமதி கம்பெனி. விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசலில் விளையும் நிலாவரை இலையை வாங்கி, மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். வயிற்றைச் சுத்தம் செய்கிற மூலிகை அது. மெயில் பெட்டி குப்பையால் நிரம்பி வழிகிறது என்று முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தால், லாட்டரி விழுந்தது என்று எழுதியவனுக்கும், சொத்தில் பாதி தருகிறேன் என்று எழுதியவனுக்கும் அண்ணாச்சி ஒருவர் விடாமல் பதில் போட்டிருக்கிறார். 'தங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி. தற்சமயம் தேவைப்படவில்லை.' பதில் வருகிற விலாசம் என்று தெரிந்தால் விடுவான்களா? இனிமேல் கண்டுகொள்ளவே கூடாது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அதெப்படி தம்பி? கடைப்படி ஏறி வந்தவன வாங்கன்னுகூடச் சொல்லாம திருப்பி அனுப்புனா, நாளைக்கு எவன் வருவான்?"

வைரஸ் போக மிச்சம்

அடுத்து வைரஸ் ஸ்கேனர். கப்பல் சம்பந்தப்பட்ட காகிதங்களைப் பார்க்கும் சகாயமேரி அக்காவுக்கு, கப்பல் பில் என்ற பெயரில் ஒரு ஃபைல் வந்தது. ஸ்கேனர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, வைரஸ் இருந்ததாக அவருக்குத் தகவல் மட்டும் அனுப்பியது. அக்கா நேரே என்னிடம் வந்துவிட்டார். அதைத் திறந்தால் ஆபீஸ் கம்ப்யூட்டர் மொத்தமும் படுத்துவிடும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப வைரஸ மட்டும் எடுத்துட்டு மிச்சத்தக் குடுங்க தம்பி. முள்ளு இருக்குன்னு மீனையே தூரப் போடுதோமா?"

வராத பதில்

இவர்களோடு மல்லுக்கட்ட முடியாது என்று ஃபில்டரை இருப்பதிலேயே கெடுபிடியான அளவில் வைத்தேன். மறுநாளே மெயில் பெட்டி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலைந்து நாளில் அண்ணாச்சி போன் செய்தார். சாம்பிள் இலை பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்ற ஜெர்மனிக்காரரிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. அவரை நம்பித்தான் அண்ணாச்சி இந்த வருஷ இலையை எல்லாம் வாங்கி குடோனில் அடைத்திருந்தார். மழை பிடித்தால் இலை கறுத்துப்போகும். கறுத்த இலையை ஒருவரும் தொடமாட்டார்கள். சர்வரில் ஒரு குறையும் இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

"குறை இல்லைங்கிய, சரி. ஆனா குப்பகூட வரலியே தம்பி. எனக்கு என்னமோ ஊரே சேந்து நம்மகூடப் பேச்ச நிறுத்துன மாதிரி இருக்கு."

உள்ளே கிடந்த ஜெர்மனி

அந்தக் குரல் என்னவோ செய்தது. ஆபீஸுக்கு ஓடிப்போய், சந்தேகப்பட்ட மெயில்களை ஃபில்டர் அடைத்து வைக்கும் தனிப் பெட்டியைத் திறந்தேன். ஜெர்மனிக்காரரின் கடிதங்கள் வரிசையாக உள்ளே கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். கடைசிக் கடிதத்தில், இன்று மாலைக்குள் பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று இருந்தது.

ஃபில்டரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மனிதர் டீத்தூள் கம்பெனிக்காரர். உடம்பு இளைக்க மூலிகை டீ, மலச்சிக்கலுக்கு இயற்கை நிவாரணம், பக்கவிளைவு கிடையாது, உடனே பதில் தேவை என்றெல்லாம் எழுதியிருந்தார். உலகத்தில் உள்ள அத்தனை ஸ்பேம்காரனும் எழுதுவது இதைத்தான். இதை உண்மையாகவே எழுதுகிற ஒரே ஆளை நான் வாசலில் நிறுத்தியிருந்தேன்.

அவசரமாகப் பதில் அனுப்பினோம். அங்கேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது: எங்கள் கடிதத்திலும் அதே மூலிகை, அதே மலச்சிக்கல். அந்த ஊரிலும் என்னைப் போல ஒரு புண்ணியவான் இருப்பானே! "போனப் போடுங்க அண்ணாச்சி" என்று கத்தினேன். அண்ணாச்சி நின்றுகொண்டே பேசினார். ஜெர்மனிக்காரர் தன் குப்பைப் பெட்டியைக் கிளறி எங்கள் கடிதத்தை எடுத்தார், சிரித்தார், ஆர்டர் உங்களுக்குத்தான் என்றார்.

அண்ணாச்சி தொப்பென்று உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, ஊரு உலகத்து மலச்சிக்கலுக்கெல்லாம் மருந்து அனுப்புத கம்பெனிக்கே மலச்சிக்கல் வர வச்சிட்டியேலே!"

இப்போதெல்லாம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும், சர்வர் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.