பட்டனுக்குத் துணை

ஹெர்பர்ட் தன் கறுப்பு ஷூவால் பட்டனை உதைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்த நேரம். அவருடைய வெள்ளை பேன்ட்டின் ஓரத்தைப் பட்டன் கவ்வி இழுத்தது உண்மைதான். அது எல்லோருடைய பேன்ட்டையும் இழுக்கும். ஒரு முழு ரொட்டி அளவுகூட இல்லாத பொமரேனியன் நாய்; அது இழுத்தால் ஒரு நூல்கூடப் பிரியாது. உதைத்த உதையில் சாக்கடை ஓரம்வரை உருண்டுபோய் விழுந்தது. பின்னங்கால் ஒன்று வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

பிரிஜெட் முக்காடு நழுவ ஓடிவந்து அதை அள்ளி எடுத்தாள்.

"இன்னாண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நாயா இருந்தா நான் ஏன் உதைக்கறேன்?" ஹெர்பர்ட் பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நீ எலிக்குல்ல சங்கிலி போட்டு வளக்கற. நாய்னா எப்படி இருக்கும்னு தெரியணும்னா எங்க சீசர வந்து பாரு."

குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று பிரிஜெட் நின்று நிதானமாகப் பார்த்தாள். தெருக்காரி பெர்னதெத் முதலில் சிரித்ததையும் பிறகு வாயைப் பொத்திக்கொண்டதையும்கூடப் பார்த்தாள். அன்று பிரிஜெட் பூசைக்குப் போகவில்லை.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அவளுக்கும் ஹெர்பர்ட்டுக்கும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். அவர் ஒரு கிளப்பில் பட்லராக இருந்தார்; வீட்டில் தனியாள். பங்குக் கோயிலில், அன்பியம் என்கிற தெருக்குழுவுக்குத் தலைவர். பிரிஜெட் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். அம்மா இறந்தபோது தம்பி டிரேவர் அரைக்கால் சட்டையில் இருந்தான். அவனை வளர்த்து, பி.காம். படிக்கவைத்து, கூரியர் கம்பெனியில் சேர்த்துவிட்டது அவள்தான். கார்மென்ட்ஸில் அவளுக்குச் செக்கிங் வேலை. காலர் ஒரு நூல் கோணலாக இருந்தாலும் அவள் மேஜையைத் தாண்டாது. சூப்பர்வைசரே சில நாள் கெஞ்சுவான், "விட்டுடு அக்கா, வெள்ளக்காரன் என்ன பூதக்கண்ணாடி வெச்சா பாக்கப்போறான்?" என்று. அவள் விடமாட்டாள். சட்டையில் குறை கண்டாலும் மனிதரில் குறை கண்டாலும் அவளுக்கு ஒன்றுதான்.

பட்டன் டிரேவரின் முதல் சம்பளத்தில் வந்தது. அதை எலி என்று சொன்னது அவளுக்குத் தம்பியையே சொன்னதுபோல் இருந்தது.

கால் கூடிவிட்டது. ஆனால் பட்டன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. அக்காவும் தம்பியும் வேலைக்குப் போனால் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். மாலையில் வந்து பார்த்தால் கிண்ணத்துச் சோற்றில் எறும்பு ஊர்ந்துகொண்டிருக்கும். கால்நடை டாக்டரம்மா அதன் விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தார்.

"மருந்தால ஒண்ணும் ஆகாதும்மா. பயந்துபோயிருக்கு. தனியா விட்டீங்கன்னா தாங்காது. கூட இன்னொரு நாய் இருந்தா சாப்பிடும். சாதுவான நாயாப் பாருங்க."

சாதுவான நாய் என்ற சொல் பிரிஜெட்டின் காதில் ஏறவே இல்லை. இன்னொரு நாய் என்பது மட்டும் ஏறியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இன்னொரு நாயை அவள் மனதுக்குள் வளர்த்துக்கொண்டே வந்தாள். ஆட்டோ ஆஸ்டின் டவுனுக்குள் நுழைந்தபோது அது கன்றுக்குட்டி உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. அதன் வாயில் வெள்ளை பேன்ட் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

தொம்மலூரில் அலர்மேல்மங்கை என்ற டீச்சர் ஒரு நாயைக் கொடுக்கப்போவதாக டிரேவர் கேள்விப்பட்டு வந்தான். மகனோடு பூனாவுக்குப் போகிறவர். பழுப்பு நிறப் பெண் நாய். பெயர் லட்டு. பட்டனைக் கூடையிலிருந்து இறக்கியதும் லட்டு மெல்ல வந்து முகர்ந்தது, பக்கத்தில் உட்கார்ந்தது. பட்டன் நடுங்கவில்லை. டிரேவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"இதாங்க்கா. பேசாம இதயே எடுத்துக்கலாம்."

பிரிஜெட் சட்டையைப் புரட்டுவதுபோல் லட்டுவைப் புரட்டினாள். பல், காது, நகம் எல்லாம் பார்த்தாள். லட்டு அவள் கையை நக்கியது.

"புதுசா யாராச்சும் வந்தா கொலைக்குமா, டீச்சர்?"

"குலைக்கிறதா? எங்க வீட்ல திருடன் வந்தாக்கூட வழி காட்டும்" என்று அலர்மேல்மங்கை பெருமையாகச் சிரித்தார்.

பிரிஜெட் எழுந்துவிட்டாள். வெளியே வந்ததும் டிரேவர் கோபித்தான். "அதுக்கு இன்னாக்கா கொறச்சல்?"

"எல்லாரையும் நக்குதுடா. நாளைக்கு ஹெர்பர்ட் கையையும் நக்கும்."

"நாம பட்டனுக்குத் துணை தேடறமா, ஹெர்பர்ட்டுக்கு எமன் தேடறமா?"

"ரெண்டும் ஒரே நாயா இருந்துட்டுப் போவுது."

அடுத்த வாரம் ஆனேக்கல்லுக்கு பஸ் ஏறினார்கள். அங்கே கல் குவாரியைக் காவல் காத்த நாய் ஒன்றை கோவிந்தப்பா என்பவர் வைத்திருந்தார். குவாரி மூடிவிட்டது, நாய் மட்டும் மிச்சம். கறுப்பு. தலை ஒரு தேங்காய் மூட்டை மாதிரி இருந்தது. கோவிந்தப்பா கன்னடம் கலந்த தமிழில் பேசிக்கொண்டே அதன் வாயைப் பிளந்து காட்டினார்.

"அண்ணம் கறுப்பு, நோடும்மா. கறுப்பு அண்ணம் இருந்தா கடிச்சது விடாது. லாரி டிரைவர் ஒருத்தன் இன்னும் நொண்டிக்கிட்டு இருக்கான்."

பிரிஜெட்டுக்கு உள்ளம் குளிர்ந்தது. பிடரியைப் பிடித்துத் தூக்கினால் கத்துகிறதா என்று பார்த்தாள், தூக்கவே முடியவில்லை. அது அவளைத் திரும்பிப் பார்த்து லேசாக உறுமியது. அந்த உறுமலிலும் ஒரு குறையும் இல்லை.

"பட்டன எறக்கிவிடு, டிரேவர்."

டிரேவர் ஒயர் கூடையை நீட்டினான். பட்டன் இறங்கவில்லை. கூடைக்குள்ளேயே மூத்திரம் பெய்து, அந்த ஈரத்திலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. கறுப்பு நாய் கூடையை நோக்கி ஒரே எட்டு வைத்தது. கோவிந்தப்பா சங்கிலியை இழுத்துப் பிடித்தார்.

"இது இங்க கோழியெல்லாம் தின்னிருக்கும்மா. சின்னதா எது ஓடினாலும் அதுக்குக் கோழிதான்."

திரும்பி வரும் பஸ்ஸில் பிரிஜெட் ஓரமாக உட்கார்ந்தாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பட்டன் வேண்டும், பழியும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தருவேன் என்று இந்த உலகம் அவளிடம் கறாராகச் சொன்னது. அவள் பட்டனின் முதுகைத் தடவினாள். ஒவ்வொரு எலும்பாகக் கையில் தட்டுப்பட்டது.

மறுநாள் காலை பட்டனைக் கட்டிலுக்கடியில் காணோம். தேடிக்கொண்டு பின்பக்கம் போனவள் துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள். சுவரின் அடியில், மழைத் தண்ணீர் போகும் ஓட்டைக்கு அந்தப் பக்கம் சீசரின் மூக்கு தெரிந்தது. இந்தப் பக்கம் பட்டன் படுத்திருந்தது. இரண்டு மூக்கும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். சீசர் ஹெர்பர்ட்டின் அல்சேஷன். மாலையில் தெருவில் ராஜநடை நடத்திக் கூட்டிப்போவதற்காக வளர்ப்பது. மற்ற நேரமெல்லாம் பின்கட்டில் சங்கிலி. ஹெர்பர்ட் விடிவதற்குள் கிளப்புக்குப் போய்விடுவார். பகல் முழுவதும் அது எழுப்பும் முனகலைச் சுவருக்கு இந்தப் பக்கம் பட்டன் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

பிரிஜெட் உள்ளே போய்ச் சோற்றுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து ஓட்டை அருகே வைத்தாள். பட்டன் எழுந்தது. ஒரு வாய் தின்றுவிட்டு ஓட்டையைப் பார்த்தது. மறுபடி தின்றது. கிண்ணம் காலியாகும்வரை அவள் அங்கேயே குந்தியிருந்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். எமன் தேடி ஆனேக்கல்வரை போனோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. எதிரியைக் கடிக்க ஒரு நாய் எதற்கு? எதிரியின் நாயே இங்கே இருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் ஈரலும் ரொட்டியும் ஓட்டை வழியாகப் போயின. சங்கிலி உரசி சீசரின் கழுத்தில் புண் இருந்ததைப் பார்த்து, கையை உள்ளே நீட்டி மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவினாள். அதைப் பார்த்த டிரேவர், "நல்ல மனசுக்கா உனக்கு" என்றான். "மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல" என்று எரிந்துவிழுந்தாள். "வனத்து அந்தோணியார் திருநாள் வரட்டும், பாரு."

ஜனவரியில் வரும் அந்தத் திருநாளில் ஆடு மாடு, நாய், கிளிக்கூண்டு எல்லாம் கோயிலுக்கு வரும். ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு: அவரவர் பிராணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எந்த வீடு என்று ஃபாதரிடம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கயிற்றோடு இழுத்துக்கொண்டு போய் நிற்பார்கள். ஹெர்பர்ட் மட்டும் சீசரைக் கேட்டருகில் சங்கிலி கழற்றி உட்காரவைப்பார்; தான் படிக்கட்டில் ஃபாதர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "சீசர்!" என்று ஒரே ஒரு முறை கூப்பிடுவார். அது கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவர் காலடியில் உட்காரும். வருஷா வருஷம் கைதட்டல் கேட்கும்.

அந்த வருஷமும் அவர் படியேறினார். கோட்டு போட்டிருந்தார். பிரிஜெட் மாட்டுக்காரர்களுக்குப் பின்னால் பட்டனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஹெர்பர்ட் தொண்டையைச் செருமிய அந்த நேரத்தில் பட்டனைத் தரையில் இறக்கிவிட்டாள். வேறெதுவும் செய்யவில்லை. கூப்பிடவும் இல்லை, கையசைக்கவும் இல்லை.

"சீசர்!"

சீசர் எழுந்தது. பாதி முற்றம் ஓடிவந்தது. சட்டென்று நின்றது. மூக்கைத் தூக்கிக் காற்றை மோப்பம் பிடித்தது. அப்புறம் மாடுகளுக்கு நடுவே புகுந்து நேராகப் பட்டனிடம் போய், முன்கால்களை நீட்டிப் படுத்துவிட்டது. பட்டன் அதன் காதைக் கடித்தது.

"சீசர்! கம்!"

வால் மட்டும் ஆடியது. கூட்டத்தில் முதலில் சிரித்தது பெர்னதெத்தான். "அண்ணே, இங்கிலீஷ்ல கூப்ட்டா வராது போல!" என்று யாரோ கத்தினார்கள். ஹெர்பர்ட் மூன்றாம் முறை கூப்பிட்டபோது குரல் பிசிறியது. முகம் சிவந்துபோய்ப் படியிலிருந்தே கத்தினார்: "நன்றிகெட்ட நாயி! எனக்கு வேணாம் இது. வேணும்ங்கறவங்க ஓட்டினு போங்க!"

"ஹெர்பர்ட், கோயில் வாசல்ல பாத்துப் பேசு" என்றார் ஃபாதர்.

"பாத்துதான் பேசறேன், ஃபாதர். வேணாம்னா வேணாம்."

பிரிஜெட் பட்டனைத் தூக்கிக்கொண்டாள். சீசர் தானாக எழுந்து கூடவே நடந்தது. மாட்டுக்காரர்கள் வழிவிட்டார்கள். அவள் ஃபாதர் முன்னால் போய் நின்றாள். ஹெர்பர்ட்டுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழத் தூரம்.

"மந்திரிங்க, ஃபாதர். இது பட்டன். இது சீசர்." குரலைக் கடைசி வரிசைவரை கேட்கும்படி உயர்த்தினாள். "ரெண்டும் பிரிஜெட் வீடு."

ஃபாதர் ஹெர்பர்ட்டைப் பார்த்தார். ஹெர்பர்ட் தரையைப் பார்த்தார். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்குவதற்குள் பட்டன் குண்டாகிவிட்டது. இரண்டும் ஒரே சாக்கில் தூங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கேட்டில் நிழல் தெரிந்தது. ஹெர்பர்ட். கையில் எலும்புப் பொட்டலம்.

"பிரிஜெட்... கோவத்துல சொல்லிட்டேன்ம்மா. ராத்திரியில வீடு வெறிச்சோன்னு இருக்குது."

அவள் கேட்டைத் திறக்கவில்லை. "அனுப்பினா பட்டன் சாப்பிடாதுண்ணே. டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க."

"கூட்டினு போக மாட்டேன். ஒரு தடவ கூப்ட்டுக்கறேன். அவ்ளோதான்."

பிரிஜெட் சற்று யோசித்தாள். "கூப்டுங்க" என்றாள்.

அவர் மெதுவாகக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து சீசர் பாய்ந்து வந்தது. கம்பி வழியாக அவர் கையை முகர்ந்தது, நக்கியது, உடம்பெல்லாம் குழைந்தது. ஹெர்பர்ட்டின் கண் கலங்கியது. பிரிஜெட் சமையலறைப் பக்கம் திரும்பினாள். "டிரேவர், பட்டனுக்குச் சோறு வை."

கிண்ணம் தரையில் பட்ட சத்தம் கேட்டது. பட்டன் தின்னாமல் நின்று, ஒரு முறை மெல்லக் குரைத்தது. சீசர் கையை விட்டது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடியது. ஹெர்பர்ட்டின் விரல்கள் கம்பிக்குள் அப்படியே நீட்டியபடி இருந்தன.

"பாவம்க்கா" என்று உள்ளேயிருந்து டிரேவர் முணுமுணுத்தான்.

பிரிஜெட் கம்பி வழியாகப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை, நேரமெடுத்து, முழுவதுமாகப் பார்த்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாங்கண்ணே" என்றாள். "இதே நேரத்துக்கு வாங்க. பட்டன் சாப்பிடற நேரம்."