இல்லாத பிரேக்

டிரைவர் பழைய செய்தித்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் மேலிருந்து கீழ், பிறகு இடமிருந்து வலம். பூச்சியின் இறக்கை ஒட்டியிருந்தால் அதையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். முன்கண்ணாடி பளபளத்ததும் தாளைக் கசக்கி வாளியில் போட்டார். பக்கக் கதவுக் கண்ணாடிகளில் என்றைக்கோ படிந்த தூசி அப்படியே இருந்தது.

"அதையும் ஒரு கை பார்த்தா என்னவாம்?" என்று மனைவி வாசலிலிருந்து கேட்டாள்.

"அது வழியா யாரு வண்டி ஓட்டுறா?"

கோடைதோறும் நடக்கிற பேச்சுதான் இது. இந்த முறை பதிலில் சுருதி குறைந்திருந்தது. முன்கண்ணாடி வழியாகவும் அவர் ஓட்டப் போவதில்லை.

அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் தொட்டில். அவர் வண்டியில் ஏறினால் நின்றுகொண்டு வருகிறவர்களே தூங்கிவிடுவார்கள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்ச் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. வருடம் முழுக்க ஒரே தடத்தில் போய்த் திரும்புகிற மனிதர், கோடை விடுமுறை வந்தால் காலை நீட்டிப் படுக்க வேண்டாமா? மாட்டார். குடும்பத்தைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மகள் மடிக்குழந்தையாக இருந்த காலம் முதல் இப்படித்தான். ஒரு கோடைக்கு ஒரு திசை. மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லைப் பலகை கண்ணில் பட்டதும் வண்டியை ஓரங்கட்டி, அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். "நம்ம வீட்டையே இன்னும் சுத்திப் பார்த்து முடிக்கல. அடுத்தவன் வீட்டு ஜன்னல்ல என்ன எட்டிப் பார்க்கிறது?" என்பார். ஒரு பலகையைப் பார்க்க இத்தனை பெட்ரோலா என்று உறவினர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யாரும் எந்தப் பலகையையும் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் டிப்போ படியில் வழுக்கி விழுந்தார். வலது முட்டிச்சில்லு உடைந்தது. ஆபரேஷன் செய்து கம்பி போட்டுக் கட்டினார்கள். நடக்கலாம், பயணம்கூடப் போகலாம், ஆனால் இந்தக் கோடையில் பெடலில் கால் வைக்கக் கூடாது என்றார் டாக்டர்.

மனைவிக்கு மருத்துவமனை வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அழுகிறவரையும் அடம்பிடிக்கிறவரையும் ஒரே மாதிரி புரட்டிப் படுக்கவைத்து விரிப்பு மாற்றத் தெரிந்தவள். புருஷனிடமும் சுற்றி வளைக்கவில்லை.

"மக ஓட்டட்டும். நீங்க அவ பக்கத்துல உட்காருங்க. முட்டி வீங்கினா, எந்த இடமா இருந்தாலும் வண்டி வீட்டுக்குத் திரும்பிடும்."

"திரும்பினா அதோட சரி. இனிமே இந்த வீட்ல யாரும் பயணம்னு வாயைத் திறக்கக் கூடாது."

சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. அது அவளுக்குத் தெரியும். அவர்கள் பார்க்காமல் மிச்சமிருந்தது மேற்குத் திசை மட்டுமே. மலைக்கு அப்பால் ஒரு பெரிய அணை, அதையும் தாண்டினால் எல்லைப் பலகை.

மகள் ஓட்டினாள். பின்னால் மனைவியும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளை மின்கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர். அந்த உயரத்தில் நடுங்காத கை ஸ்டீயரிங்கைத் தொட்டால் நடுங்கும். அதனால் அவர் பெயரை யாரும் எடுக்கவே இல்லை.

வீட்டுத் தெரு முடியும்வரை டிரைவர் பேசாமல் வந்தார்.

"லாரி."

"தெரியுதுப்பா."

"பிரேக் விளக்கு எரியுது பாரு."

"எனக்கும் கண்ணு இருக்குப்பா."

"கண்ணு இருக்கு. கால் எங்க இருக்கு?"

மாப்பிள்ளை முன்னால் சாய்ந்தார். "மாமா, கொஞ்சம் தூங்கிப் பாருங்களேன்."

"தொட்டில் ஆட்டுறவன் தூங்கினா நல்லாவா இருக்கும், மாப்ள?"

டீ குடிக்க நிறுத்திய இடத்தில், மனைவி அவர் பேண்ட்டைச் சுருட்டி முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். பள்ளம் மேலே எழும்பாமல் அப்படியே நின்றது. இன்னொரு காலையும் அழுத்திப் பார்த்தாள். அது சரியாக இருந்தது.

"வீக்கமா?" என்றார்.

"ஆமா."

அவர் டீ டம்ளரை வைத்தார். "சரி, திருப்பச் சொல்லு."

மகள் முகம் சுண்டிப்போனது. மாப்பிள்ளை பிஸ்கட்டைக் கடித்தபடியே நின்றுவிட்டார். மனைவிக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. காலை மடக்காமல்தான் உட்கார்ந்திருந்தார். முட்டிக்குக் கீழே வைத்த தலையணையும் நகரவில்லை. சும்மா இருந்த கால் ஏன் வீங்க வேண்டும்? ஆறுகிற புண் திடீரென்று மோசமானால், யாரும் பார்க்காதபோது நோயாளி என்ன செய்கிறார் என்றுதான் முதலில் கவனிக்க வேண்டும். வார்டில் படித்த பாடம் அது.

"கொஞ்ச தூரம் போகட்டும். நான் ஒண்ணு பார்க்கணும்" என்றாள்.

இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி, சாலையைப் பார்க்காமல் அவர் பாதத்தையே பார்த்தாள். ஒரு வளைவு வந்தது, பாதம் அழுந்தியது. எதிரே லாரி, மறுபடி அழுந்தியது. ஆடு ஒன்று குறுக்கே ஓட, மகள் பிரேக் போட்டாள். டிரைவரின் வலது கால் தரையைப் பிளந்துவிடுவதுபோல் மிதித்தது. அந்த இடத்தில் கால்மிதி சுருண்டு கிடந்தது.

"ஓரங்கட்டும்மா" என்றாள் மனைவி. "ஏங்க, யாரு வண்டிக்கு பிரேக் போட்டுட்டு வர்றீங்க?"

அவர் தன் காலை வேறு யாருடையதோபோல் பார்த்தார். "நானா?"

"பின்ன, எங்கப்பாவா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து பிரேக் போட்டா வண்டி எப்படிப்பா மலை ஏறும்?" என்றாள் மகள்.

மனைவி இறங்கி முன்கதவைத் திறந்தாள். "பின்னாடி வாங்க."

"நானா? சவாரி வந்தவன் மாதிரியா?"

"நோயாளி மாதிரி."

மாப்பிள்ளை முன்னால் போனார். டிரைவர் பின்னிருக்கையில் சாய்ந்து உட்கார்ந்ததும், மனைவி தலையணையைத் தன் மடியில் போட்டு அதன்மேல் அவர் காலைத் தூக்கி வைத்தாள். புறங்காலைக் கையால் பிடித்துக்கொண்டாள். "அழுத்தினா தெரியும். கிள்ளுவேன்."

முதலில் இரண்டு மூன்று கிள்ளு விழுந்தது. பிறகு விழவில்லை. மாப்பிள்ளையின் தலை மறைத்ததால் சாலை தெரியவில்லை. சாலை தெரியாத இடத்தில் கால் எதற்காக மிதிக்கும்?

வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் திரும்பினார். தூசியில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைத் தேடினார்.

"இது எப்போ உடைஞ்சது?"

"நான் பத்தாவது படிக்கும்போதுப்பா."

அவர் முழங்கையால் கண்ணாடியைத் தேய்த்து, மங்கலாக ஒரு வட்டம் உண்டாக்கி அதன் வழியே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த ஏரி எப்போ வந்துச்சு?" என்றார்.

வேறு எல்லைகளுக்குச் சாலை பிரிகிற மலையடிவாரம்வரை அந்தச் சாலையில் அவர் முன்பே ஓட்டியிருக்கிறார், அதுவும் ஒருமுறைக்கு மேல்.

"போன தடவை நாம போனப்புறம் வெட்டியிருப்பாங்க" என்றாள் மகள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்காமல் இருமல் வந்தது.

"அப்போ நீங்கல்லாம் இதைப் பார்த்திருக்கீங்க?"

"ஒவ்வொரு தடவையும் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்" என்றாள் மனைவி. "வரும்போது பார்த்துக்கலாம்னீங்க. வரும்போது இருட்டிடும்."

"நிறுத்தும்மா" என்றார் அவர்.

ஏரிக்கரையில் நிறுத்தினார்கள். டிரைவர் ஊன்றுகோலுடன் இறங்கி நின்று, தண்ணீரை வெகுநேரம் பார்த்தார். ஏரி பெரியது என்றும், கரை சரியில்லை என்றும் சொன்னார். திரும்பி வந்து காலை மனைவியின் மடியில் தானாகவே வைத்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் மலையடிவாரத்து விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மனைவி அறையில் விளக்கைப் போட்டு, ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி முட்டியில் வைத்தாள். பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழுந்தது, எண்ணத் தொடங்குமுன்பே நிரம்பியது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில கிளம்பலாம்" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"பலகைப் பக்கம்தான். படுங்க."

மறுநாள் விடிந்ததும் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அவள் வெளியே வந்தாள். விடுதியின் வாளியும் பழைய செய்தித்தாளும் காருக்கருகே இருந்தன. முன்கண்ணாடியை மகள் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்கதவைத் திறந்துவைத்து, இருக்கையில் உட்கார்ந்தபடி டிரைவர் பக்கக் கண்ணாடியை உட்புறமும் வெளிப்புறமும் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் மேலிருந்து கீழ், பிறகு இடமிருந்து வலம்.

மனைவி தலையணையுடன் மறுபக்கம் ஏறி, தன் பக்கத்துக் கண்ணாடியைக் காட்டினாள்.

"இதையும்."

அவர் இன்னொரு தாளை நனைத்துப் பிழிந்து, ஊன்றுகோலை ஊன்றி வண்டியைச் சுற்றி வந்து, அதையும் துடைத்தார். பிறகு திரும்பி வந்து ஏறி, காலை அவள் மடியில் வைத்து, கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்."